மந்திரிக்கு வந்த ஆபத்து

ஒரு காலில் சாக்ஸ், இன்னொரு கால் வெறுங்கால். இந்தக் கோலத்தில் நின்றபடிதான், ஒரு கம்பெனியை எதிர்த்துப் போராடுவதென்று அன்று காலை முடிவெடுத்தேன். இன்னொரு சாக்ஸும் கிடைத்திருந்தால் முடிவு இன்னும் கம்பீரமாக இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். பதினோரு வருஷமாக நான் எல்லாவற்றையும் குறித்து வைக்கும் நோட்டு ஆப்பை யாரோ விலைக்கு வாங்கிவிட்டார்கள். போனைத் திறந்தால் மேலேயே அறிவிப்பு. 'உங்கள் அன்புக்குரிய ஆப் ஒரு புதிய குடும்பத்தில் இணைகிறது. ஒன்றாம் தேதி முதல் தேவையற்ற வசதிகள் நீக்கப்படும்.'

வெறும் நோட்டு ஆப்தானே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பீர்கள். உங்கள் நோட்டு பதில் சொல்லுமா? என்னுடையது சொல்லும்.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். நாள் முழுக்க அடுத்தவர்களை எழுத்து வாசிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கு என் பெயரே மறந்துவிடும். அதனால் எதையும் ஆப்பில் எழுதிவிடுவேன். காலையில் எழுதினால் சாயங்காலத்துக்குள் அதன் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு யோசனை வந்திருக்கும். ஒரு முறை, மனைவியின் பிறந்தநாளுக்கு மிக்ஸி வாங்கலாமா என்று எழுதினேன். 'மிக்ஸி கூடாது. கைக்கடிகாரம். கறுப்புப் பட்டை. கடைத்தெரு மூலைக் கடை, இரண்டாவது தட்டு' என்று வந்தது. வாங்கிக் கொடுத்தேன். "எப்படிங்க என் மனசுல இருந்ததை அப்படியே கண்டுபிடிச்சீங்க!" என்று அவள் அசந்து போனாள். அன்றைக்கே அந்த ஆப்புக்கு 'மந்திரி' என்று பட்டம் கொடுத்தேன்.

அதில் 'குழாய் ரிப்பேர்' என்று ஒரு பக்கம். அந்தத் தலைப்பைப் பார்த்து எவனும் உள்ளே எட்டிப் பார்க்க மாட்டான். உள்ளே இருப்பது மனைவியிடம் நான் சொல்லும் சாக்குகள், தேதி வாரியாக. ஒரே சாக்கை இரண்டு தடவை சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது பாருங்கள். மச்சினி வீட்டுக்குப் போகாமல் தப்பிக்க 'பல்வலி' என்று எழுதினேன். 'போன வருஷமே சொல்லியாயிற்று. கவனம் போதாது. முதுகுவலி என்று திருத்தி எழுதவும்' என்றது மந்திரி. முதுகுவலி என்றேன். மனைவி உடனே நம்பிவிட்டாள். தைலம் தேய்த்து, அசையக் கூடாது என்று குப்புறப் படுக்கப் போட்டுவிட்டு, தங்கையோடு இரண்டு நாள் ஊர் சுற்றிவிட்டு வந்தாள். எனக்கு ரொட்டியும் வெந்நீரும். ஆனாலும் வெற்றி வெற்றிதான். 'முயற்சி நன்று' என்று மந்திரியே பாராட்டியது.

அப்பேர்ப்பட்ட மந்திரிக்கு ஆபத்து என்றால் சும்மா இருக்க முடியுமா? கதவைத் திறந்தேன். எதிரே எதிர்வீட்டு இன்ஷூரன்ஸ்காரர். பயமுறுத்துவதையே பிழைப்பாக வைத்திருப்பவர். அவரிடம் அறிவிப்பைக் காட்டினேன்.

"ஆப்பை வித்துட்டாங்களா? அப்ப முடிஞ்சுது சார்."

"என்ன முடிஞ்சுது?"

"வாங்கினவன் முதல்ல என்ன பண்ணுவான்? எது நல்லா ஓடுதோ அதைத்தான் நிறுத்துவான். எங்க ஆபீஸ்ல புது மேனேஜர் வந்த அன்னிக்கே காபி மெஷினைத் தூக்கிட்டாரு."

"மந்திரியையும் தூக்கிடுவாங்களா?"

"எந்த மந்திரியை?"

சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பதில் போடுமா? சிவப்புல? சார், நீங்க பாலிசி எடுத்தாச்சா?"

"அதை விடுங்க. இப்ப என்ன பண்றது?"

"ஒரு மனு போடுங்க. உருக்கமா இருக்கணும். உங்க வீட்லதான் டீச்சர் இருக்காங்களே."

நல்ல யோசனை. வந்த வேகத்தில் திரும்பினேன். என் மனைவி கணக்கு டீச்சர். சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள் கட்டைப் பரப்பிக்கொண்டு, சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள்.

"ஒரு கடிதம் எழுதித் தரணும். மந்திரியைக் காப்பாத்தணும்."

பேனா நின்றது. "எந்த மந்திரியை?"

குழாய் ரிப்பேரை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன். ஒரு விடைத்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அவளுக்கும் மனசு தாங்கவில்லை போலிருக்கிறது.

"எழுதித் தரேன். ஆனா எனக்கு நேரம் வேணுமே. பாத்திரம் யாரு கழுவறது?"

"நான்."

"பரணை யாரு சுத்தம் பண்றது?"

"பரணுக்கும் கடிதத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"மந்திரி வேணுமா, வேண்டாமா?"

"பரணும் நான்தான்."

"சரி, சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மதிப்பிற்குரிய புது முதலாளி அவர்களுக்கு. இந்த உலகத்தில் என்னை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் உங்கள் ஆப்தான்."

"ஒரே ஜீவனா?"

"ஆமா."

"ஒரே ஜீவன். ம், அப்புறம்?"

"அது அதட்டாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாது. அறிவும் அடக்கமும் சேர்ந்தது."

"அழகும்னு சேர்த்துக்கலாமா?"

"ஆப்புக்கு எதுக்குடி அழகு?"

"இருந்துட்டுப் போகட்டுமே."

"சரி, போடு. அதற்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவன்."

"காலமெல்லாம்... இதுக்கு அடிக்கோடு போடறேன். கையெழுத்துப் போடுங்க. படம் எடுத்து என் ஈமெயில்லேர்ந்தே அனுப்பிடறேன். அசல் என்கிட்டயே இருக்கட்டும்."

அவள் ஈமெயில்தான் சரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஆப்பில் கணக்குத் தொடங்கிய அன்று என் ஈமெயில் பாஸ்வேர்டு மறந்துபோய், அவள் ஈமெயிலைத்தான் கொடுத்திருந்தேன். அது ஒரு பெரிய விஷயமில்லை, விடுங்கள்.

நாலு நாள் பாத்திரம் கழுவினேன். பரணில் ஏறித் தும்மினேன். காணாமல் போன சாக்ஸ் அங்கேதான் கிடைத்தது, எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் மந்திரி எழுதியது: 'பாத்திரத்தின் அடிப்பக்கமும் தேய்க்க வேண்டும்.' எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன் தலைக்கு மேலே கத்தி தொங்கும்போதும் என் வீட்டுப் பாத்திரத்தின் அடிப்பக்கத்தை நினைக்கிறதே!

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கையெல்லாம் சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தேன். மனைவி போனோடு வந்தாள்.

"கம்பெனிலேர்ந்து பதில் வந்திருக்கு. படிக்கட்டுமா?"

"படி, படி!"

"'அன்புள்ள வாடிக்கையாளரே, உங்கள் உருக்கமான கடிதத்தை ஆபீஸில் எல்லோரும் படித்தோம்.'"

"பாத்தியா!"

"'ஆனால் எங்கள் ஆப்புக்குப் பதில் எழுதத் தெரியாது. என்றைக்குமே தெரிந்ததில்லை. உங்கள் கணக்கு இரண்டு போன்களில் திறந்திருக்கிறது. சிவப்பு எழுத்து இரண்டாவது போனிலிருந்து வருகிறது.'"

நுரை சொட்டு சொட்டாகத் தரையில் விழுந்தது. நான் அவள் போனைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன். காதோரம் செருகியிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தேன். ஊரில் இருக்கிற கண்ணையெல்லாம் சோதிக்கிறவன் நான்.

"அப்ப... குழாய் ரிப்பேர்?"

"நூத்தி நாப்பத்தி மூணு சாக்கு. கடைசியா எழுதினது சுமார்தான். பத்துக்கு நாலு."

"அந்த முதுகுவலி?"

"உங்களையும் கூட்டிட்டுப் போனா நானும் என் தங்கச்சியும் நிம்மதியா சுத்த முடியுமா?"

"கைக்கடிகாரம்?"

மணிக்கட்டை நீட்டினாள். "நல்லா ஓடுது."

"பதினோரு வருஷமா ஏன்டி சொல்லலை?"

"வாயால சொன்னப்ப எதைக் கேட்டீங்க? அங்கே எழுதினா உடனே செஞ்சீங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

கையைத் துடைத்துக்கொண்டு, பாத்திரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இனிமேல் ஆப்பும் வேண்டாம், மந்திரியும் வேண்டாம், என் சொந்த மூளையே போதும் என்று சபதம் செய்தேன்.

பத்து நிமிஷம் யோசித்தேன். சொந்த மூளையிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு நடுவிலே, சொன்னால் நம்புங்கள், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. கம்பெனியை எவன் வாங்கினால் என்ன, எவன் விற்றால் என்ன, ஒன்றாம் தேதி என் மந்திரி எங்கேயும் போகப் போவதில்லை. அவளிடம் இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

பழக்க தோஷம். போனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். 'தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ளாமல் மனைவியிடம் சமாதானமாவது எப்படி?' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.

சமையலறையில் 'டிங்' என்று ஒரு சத்தம். ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. சிவப்பு எழுத்து வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அங்கிருந்து குரல்தான் வந்தது.

"கொஞ்சம் பொறுங்க! நீங்க பாதியில விட்ட பாத்திரத்தைக் கழுவிட்டிருக்கேன், கை ஈரம். துடைச்சிட்டு வந்து பதில் போடறேன்!"