முக் வதைப் படலம்

வாழி, தெமூலென்! கடவுச்சீட்டு என்னும் ஒற்றைக் கேடயம் ஏந்தி, இருபத்துமூன்று கிலோப் பெட்டி என்னும் ஒருசக்கரம் உடைந்த தேரை இழுத்துக்கொண்டு, பனிவெளியும் சுங்கச் சாவடியும் கடந்து கொரிய மண்ணில் கால்பதித்த பதினாறு பிராயத்துப் பெருவீரனே, வாழி! மங்கோலியக் குடியில் தோன்றியதால் நீ குதிரை முதுகிலேயே பிறந்தாய் என்று சுன்ச்சொன் நகரத்து ஆண்கள் மேல்நிலைப் பள்ளியின் முதலாண்டு மூன்றாம் பிரிவு முழுவதும் நம்பி இருக்கிறது. நீ வளர்ந்தது தார்கான் நகரத்து அடுக்குமாடி வீடொன்றின் ஐந்தாம் தளத்தில் என்பதையும், குதிரை அருகே வந்தால் உனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும் என்பதையும் இக்காவியம் யாரிடமும் சொல்லாது.

இனி அவ்வீரனின் நெஞ்சில் தைத்த முள்ளைப் பாடுவோம். அது உவமை முள் அன்று, உண்மையான முள். நான்கு பல்லும் மஞ்சள் பிடியும், பிடியில் சிரிக்கும் வாத்தும் கொண்ட குழந்தைகள் முள்கரண்டி. முந்நூற்றுப் பன்னிரண்டு எஃகுத் தட்டுகள் மின்னும் பள்ளி உணவுக்கூடத்தில், முந்நூற்றுப் பதினொரு தட்டுகளில் கரண்டியும் குச்சிகளும் மட்டுமே இருக்க, தெமூலெனின் தட்டில் மட்டும் நாள்தோறும் அந்த வாத்து ஏறி அமர்ந்தது. அமர்த்தியவள் பாங் ஒக்பூன். அகப்பையைச் செங்கோலாகவும் ரப்பர்க் காலணியைப் பாதக்குறடாகவும் கொண்டு சமையற்கட்டை ஆண்ட, பையன்கள் எல்லாரும் சித்தி என்றழைத்த பேரரசி. வந்த முதல் நாள் அவனது குச்சியிலிருந்து உருளைக்கிழங்கு நழுவியதைக் கண்டு மனமிளகியவள், தன் பேத்தியின் முள்கரண்டியை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிட்டாள்.

அவன் வேண்டாம் என்று சொல்லாமலா இருந்தான்? சொன்னான். ஆனால் அந்நாட்டில் ஒருமுறை வேண்டாம் என்பது அடக்கம், இருமுறை வேண்டாம் என்பது நல்ல வளர்ப்பு. ஆகவே அவன் மறுக்க மறுக்க அவள் பூரித்து, ‘என்ன பண்பான பிள்ளை’ என்று மெச்சி, முள்கரண்டியை இன்னும் அழுத்தி வைத்தாள். மற்றப் பையன்களை எல்லாம் எருமையே, பெருந்தீனியே என்று வாய் நிறையத் திட்டுகிறவள், இவனிடம் மட்டும் வங்கி ஊழியர்போலச் சிரித்தாள். மூன்றாமாண்டுக்காரர்கள் அவனுக்கு வாத்து என்று பெயரிட்டார்கள். மார்ச்சில் வந்தவனுக்கு மே பிறந்தும் விருந்தாளிப் பட்டம் நீங்கவில்லை. விருந்தாளியாக இருந்து இருந்து அவனுக்கு அலுத்துவிட்டது. சில நாள் கழிவறையில் முகம் கழுவுகிற சாக்கில் அழுதுமிருக்கிறான்.

எனவே, மே மாதத்து இரண்டாம் வியாழனன்று, உச்சிவேளையில், வரிசையின் தலைப்பில் நின்று, வாத்தை நீட்டிய கரத்தைத் தன் கரத்தால் தடுத்து, கூடமே கேட்க முழங்கினான் தெமூலென்:

“சித்தி, இனிமே எனக்கு முள்கரண்டி வேணாம். எல்லாத்தையும் குச்சியாலேயே சாப்பிடுறேன்!”

ஒக்பூன் அகப்பையை இடுப்பில் ஊன்றினாள். “இன்னிக்கா? இன்னிக்கு முக்கு, கண்ணு.”

“முக்கா இருந்தா என்ன?”

“சரி, ஒரு துண்டு மிச்சமில்லாம முடிச்சுக் காட்டு. அப்புறம் இந்த முள்கரண்டியைப் பத்திப் பேசலாம்.”

அந்தோ, முக்! ஓக் என்னும் கருவாலி மரத்துக் கொட்டையின் மாவைக் காய்ச்சி உறையவைத்த பழுப்புநிறப் பாழ்மேனியனே! எலும்பில்லாதவனே, பிடியில்லாதவனே, சோயாச்சாற்றில் நீராடி நல்லெண்ணெய் பூசி எள் தூவிக்கொண்டு மல்யுத்தத்துக்கு வருபவனே! இறுக்கினால் உடைவாய், தளர்த்தினால் வழுக்குவாய். இத்தகைய முக்கர் எழுவர் தெமூலெனின் தட்டில் வலப்புறக் குழியில் அணிவகுத்துத் தளதளத்தார்கள்.

சோற்றுக்கும் சாற்றுக்கும் கரண்டி, தொடுகறி அனைத்துக்கும் குச்சி என்பது, தார்கானில் இருக்கும்போதே கொரியப் பழக்கவழக்க நூலில் அவன் அடிக்கோடிட்டுப் படித்த விதி. அவ்விதி வழுவாது, எஃகுக் குச்சிகளிரண்டையும் உருவி, முதல் முக்கனின் இடுப்பைப் பற்றி இறுக்கினான். முக்கன் இரண்டாகப் பிளந்தான். எழுவர் எண்மராயினர். வெட்ட வெட்டப் பெருகும் அசுரக்கூட்டம் இது என்று அறியாது, சினம் தலைக்கேறிய நம் வீரன் மேலும் இருமுறை தாக்க, பதின்மர் ஆயினர்.

எதிரில் இருந்தவன் கியூஹா. வகுப்புத் தோழன், தேர்ப்பாகனைப்போல் அறிவுரை கூறுபவன், கால்பந்தில் இடதுகோடி காப்பவன். அவனும் அவ்வரிசையில் இருந்த மற்ற ஐவரும் தட்டை வழித்துத் துடைத்துவிட்டு அமர்ந்திருந்தார்கள். உடன் உண்பவன் முடிக்காமல் எழுந்துபோவது அங்கே வழக்கமில்லை. சாளரத்துக்கு வெளியே மைதானம் வெறிச்சோடிக் கிடந்தது. பந்து கியூஹாவின் காலடியில் உருண்டு உருண்டு நின்றது. மணியடிக்க இருபத்தோரு நிமிடமே இருந்தன.

“குத்தி எடுக்கட்டுமா?” என்றான் தெமூலென், மெல்ல.

“குச்சியால குத்துனா எங்கப்பா என் மண்டையிலயே குத்துவாரு,” என்றான் கியூஹா.

ஆகவே அறப்போரே தொடர்ந்தது. மூவர் வாயிற்புகுந்து மாண்டனர். நான்காமவன், நல்லெண்ணெய்க் கவசம் பூண்ட கொடியவன், குச்சிகளின் நடுவிலிருந்து கவணெறி கல்லெனத் துள்ளி, விண்ணில் வளைந்து, எழுவர் கண்களும் பின்தொடர, கியூஹாவின் தட்டில் மிஞ்சியிருந்த கடற்பாசிச் சாற்றில் தொப்பென்று வீழ்ந்தான்.  வீழ்ந்ததும் மிச்சம் ஆகுமோ, தோல்வி ஆகுமோ என்று ஐவரும் வழக்காடத் தொடங்குகையில், கியூஹா அதைச் சாறோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தான்.

“மிச்சமா? எங்கடா மிச்சம்? நான் ஒண்ணும் பாக்கலை.”

வாழி, கியூஹா! நண்பன் என்ற சொல்லுக்கு அந்நாட்டில் அன்றுதான் தெமூலெனுக்குப் பொருள் விளங்கிற்று. கண்ணில் நீர் முட்டியது. எள் பட்டுவிட்டது என்று சமாளித்தான்.

அதன்பின்தான், பகைவனை நெரித்தல் ஆகாது, அடியில் நுழைந்து ஏந்துதல் வேண்டும் என்னும் மறைபொருள் வீரனுக்குத் துலங்கியது. உறங்கும் குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் குச்சிகளைக் கிடையாகச் செலுத்தி, மூச்சடக்கி, ஐந்தாமவனை எடுத்தான்; ஆறாமவனை எடுத்தான்; உடைந்தோர், நொறுங்கியோர், எள்ளோடு ஒட்டியோர் என எவரையும் விடாது எடுத்தான். சுவையோ, நனைத்த அட்டைப்பெட்டிச் சுவை. அது அவனுக்கு அறவே பிடிக்கவில்லை. ஆயினும் விழுங்கினான். பதின்மரில் இறுதியானவன் தொண்டைக்குள் இறங்கியபோது மேசையின் ஐவரும் தட்டுகளைத் தட்டி ஆர்ப்பரிக்க, தெமூலென் வெறுங்குழியைக் கூடம் முழுதும் காண உயர்த்திக் காட்டினான்.

வந்தாள் பேரரசி. ஒரு கையில் அகப்பை, மறுகையில் பாத்திரம். வெறுங்குழியைப் பார்த்தாள், வீரனைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. அகப்பையைப் பாத்திரத்துக்குள் செருகிவிட்டு, சமையல் மேலங்கியின் பையிலிருந்த வாத்தை எடுத்துக் கழுவுதொட்டியை நோக்கி வீசினாள்.

“முக்குன்னா உனக்கு இவ்ளோ உசுரா? முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா, மடையா!”

சொல்லிக்கொண்டே, ஒழிந்த குழி கண்டால் நிரப்பியே பழகிய அந்தக் கை, பன்னிரண்டு முக்கரை ஒரே வீச்சில் அவன் தட்டில் சரித்தது.

“ஒரு துண்டு மிச்சம் வெச்சே, தோலை உரிச்சிடுவேன். சீக்கிரம் தின்னுடா எருமை, தட்டு கழுவணும்!”

எருமை! எருமை என்றாள்! மூன்றுலகும் கேட்டிருக்க வேண்டிய அப்பட்டம் அவன் செவியில் தேனாய்ப் பாய்ந்தது. விருந்தாளி மாண்டான்; முந்நூற்றுப் பன்னிரண்டு எருமைகளில் ஓர் எருமை பிறந்தது. மார்பு விம்ம, மறுபடியும் குச்சிகளை ஏந்தி, புதிதாய்த் தளதளக்கும் பெரும்படையின்மேல் கிடையாகச் செலுத்தலானான்.

கியூஹா பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நெடுநேரமாய்க் கேட்க நினைத்ததைக் கேட்டான்.

“ஆமா, நீ ஏன்டா இதைக் குச்சியால எடுக்குற? நாங்கல்லாம் கரண்டியாலதானே அள்ளித் தின்னோம்.”

தெமூலென் ஏழு தட்டுகளையும் பார்த்தான். ஆறு தட்டுகளில் கரண்டிகள் சோயாச்சாறு படிந்து கிடந்தன. அவனுடையது மட்டும் பளபளவென்றிருந்தது.

மணியடிக்கப் பதினொரு நிமிடம் இருந்ததால் அவன் கரண்டியை எடுத்துச் சாப்பிட்டான்.