பெட்ரோல் மூடிப் புரட்சி

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தப்பு என்று இன்றுவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளப் போவதும் இல்லை. நீங்கள் யார் பக்கம் என்பதைப் படித்து முடித்துவிட்டுச் சொல்லுங்கள். கல்யாணமான ஆணாக இருந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், மனசுக்குள் சொன்னால் போதும்.

எங்கள் வீட்டில் எல்லாம் என் மனைவியின் பேச்சைக் கேட்கும். வாஷிங் மெஷின் கேட்கும். நான் தட்டினால் ஓடாத மிக்ஸி அவள் முறைத்தால் ஓடும். என் பேச்சைக் கேட்பது ஒன்றே ஒன்றுதான், என் கார். பதினோரு வருஷத்து வண்டி. முன்சீட்டில் என் உடம்பு அளவுக்குப் பள்ளமே விழுந்திருக்கிறது. வலப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம் போகும். ஏன் என்று கேட்காது. காலையில் ஆபீஸுக்குப் போகிற அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான் நான் மனுஷனாக இருக்கிற நேரம்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஆபத்து வந்தது.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். பதினாலு வருஷமாகப் பக்கத்துத் தெருவில் இருக்கிற கிளைக்கு நடந்தே போய்வந்தாள். இப்போது நகரத்தின் மறுகோடியில் இருக்கிற பெரிய கிளைக்குத் தலைமைப் பொறுப்பு. ஆறு வருஷமாக அவள் காத்திருந்த பதவி. ஒன்றாம் தேதி திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான். போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். முதல் வாரமே தாமதமாகப் போனால் அந்த நாற்காலியில் உட்காரப் பின்னால் இரண்டு பேர் தயாராக நிற்கிறார்கள். இதையெல்லாம் அவள் எனக்கு ஒரு சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். கடைசித் துண்டை மடித்து வைத்துவிட்டு முடிவுரையும் சொன்னாள்.

"உங்க ஆபீஸுக்கு நம்ம வாசல்லயே பஸ் நிக்குது. ஒண்ணாம் தேதியிலேர்ந்து வண்டி எனக்கு வேணும்."

கிடைக்குமா என்று கேட்கவில்லை. வேணும் என்றாள். லைசென்ஸ் வேறு கையில் வைத்திருக்கிறாள். முதல் தடவையிலேயே வாங்கிவிட்டாள். நான் மூன்றாவது தடவையில் வாங்கினேன் என்பதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டாமலே அது எப்படித்தான் எனக்குக் கேட்கிறதோ.

அன்றைக்கே சபதம் எடுத்தேன். உயிரே போனாலும் சாவி என் சட்டைப்பையை விட்டுப் போகாது. ஆனால் பதினேழு வருஷம் குடும்பம் நடத்தியவனுக்கு ஒன்று தெரியும். நேருக்கு நேர் "முடியாது" என்று சொல்வது வீரம் இல்லை, முட்டாள்தனம். அதனால் "அதுக்கென்ன, தாராளமா" என்று சொல்லிவிட்டு யோசிக்கப் போனேன்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் இழப்பீட்டுப் பிரிவு. யார் வேண்டுமென்றே இடித்தான், யார் தானே கொளுத்தினான் என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. பத்தொன்பது வருஷமாகத் திருடர்களைப் படித்தவன் ஒருநாள் கூடத் திருடாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

வழி எனக்கு ஏற்கெனவே தெரியும். போன வருஷம் காரில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. எங்கள் தெருமுனையில் கார் பட்டறை வைத்திருக்கிறவர், ஊரே ஸ்பேனர் என்று கூப்பிடுகிறவர், அரை மணி நேரம் பாடம் நடத்தினார். பெட்ரோல் சும்மா இருந்தாலும் டாங்குக்குள் ஆவி கிளம்பிக்கொண்டே இருக்குமாம். அது வெளியே போனால் காற்று கெட்டுவிடும். அதனால் அதைக் குழாய் வழியாகக் கொண்டுபோய் ஒரு கரி டப்பாவில் அடைத்துவைத்து, எஞ்சின் ஓடும்போது உறிஞ்சி எரிக்கிற ஏற்பாடு வண்டியிலேயே இருக்கிறது. அதில் ஊசி முனை அளவுக்கு ஓட்டை விழுந்தாலும் வண்டியின் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிடும். கடைசியில் என்ன கோளாறு? பெட்ரோல் போட்டபின் நான் மூடியைச் சரியாகத் திருகவில்லை. மூன்று முறை கிளிக் என்று சத்தம் வரும்வரை திருக வேண்டுமாம்.

மூன்று கிளிக்கில் அடங்குகிற விளக்கு, மூடியைத் தளர்த்தினால் எரியத்தானே வேண்டும்?

தளர்த்தினேன். மூன்றாம் நாள் காலை மஞ்சள் விளக்கு மங்களகரமாக எரிந்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்து, எஞ்சினில் பெரிய கோளாறு, இந்த நிலைமையில் புதிதாக ஓட்டுகிறவள் கையில் வண்டியைக் கொடுக்க என் மனசு ஒப்பவில்லை என்று சொன்னேன். குரல் லேசாகத் தழுதழுத்தது. அந்தத் தழுதழுப்பை நான் ஒத்திகை பார்க்கவே இல்லை, தானாக வந்தது.

அவள் பதறவில்லை. ரத்தம் கொடுக்க வந்தவனிடம் கேட்பதுபோல் கேட்டாள். விளக்கு எப்போது வந்தது, வண்டி அதற்கு முன் எங்கே நின்றது, கடைசியாகப் பெட்ரோல் போட்டது என்றைக்கு. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்பேனரிடம் போனாள். திரும்பி வரும்போது கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே எதிலோ செருகினாள். போனில் கோளாறின் எண் வந்தது.

"ஆவி எங்கயோ கசியுதாம்" என்றாள். நேராக வண்டியின் பின்பக்கம் போனாள். மூடியைத் தொட்டாள். அது அவள் விரலுக்கே சுழன்றது.

மூன்று கிளிக். போனிலேயே கோளாறை அழித்தாள். விளக்கு அணைந்தது. மொத்தம் நாலு நிமிஷம். எனக்கு ஸ்பேனர் அரை மணி நேரம் நடத்திய பாடம்.

நான் சளைத்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? மறுநாளே பானெட்டைத் திறந்தேன். அந்தக் கரி டப்பாவிலிருந்து எஞ்சினுக்கு வருகிற மெல்லிய ரப்பர் குழாயைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதன் நுனியில் இருந்த கிளிப்பைக் குறடு வைத்துக் கழற்றித் தூர எறிந்தேன். குழாயைப் பாதி உருவி, பார்த்தால் தெரியாத மாதிரி சாய்த்துவைத்தேன். ஆபீஸில் அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம். வந்த நாலு மனுக்களையும் பாஸ் பண்ணிவிட்டேன்.

மூன்றாம் நாள் விளக்கு வந்தது. இந்தத் தடவை மூடி கெட்டியாக இருந்தது. அவள் மூடியை மூன்று முறை சோதித்துவிட்டு யோசித்தாள். நான் பெருமூச்சு விட்டு, பழைய வண்டியில்லையா, ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடத்தில் பிய்த்துக்கொள்ளும், விட்டுவிடு என்று ஆறுதல் சொன்னேன்.

விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பேனரை ஒரு மெஷினோடு வீட்டு வாசலுக்கே வரவழைத்தாள். அது புகை விடுகிற மெஷின். ஆவி போகிற குழாய்களுக்குள் புகையை ஏற்றினால், எங்கே ஓட்டையோ அங்கே புகை வரும். மாடி வீட்டு அம்மா சமையலை அடுப்பில் விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார். என் மனைவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி செடிக்குத் தண்ணீர் விட்டேன். புகை ஒரு இடத்தில் மெல்ல எட்டிப்பார்த்தது. அவள் குனிந்தாள்.

"கிளிப்பைக் காணோமே" என்றார் ஸ்பேனர்.

"ரோட்டுல குலுங்கி விழுந்திருக்கும்" என்றேன் செடியைப் பார்த்தபடி.

அவள் குழாயின் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரப்பரின் மேல் குறடு பதிந்த தடம் இரண்டு பக்கமும் இருந்தது. பிறகு என் கையைப் பார்த்தாள். புதுக் கிளிப்பை மாட்டச் சொன்னாள். மறுபடி புகை ஏற்றினார்கள். எங்கும் வரவில்லை. கோளாறை அழித்தாள். எனக்குச் சோப்பை எடுத்து நீட்டினாள்.

"கையைக் கழுவிட்டு வாங்க, சாப்பாடு வைக்கிறேன்."

கண்டுபிடித்துவிட்டாளா இல்லையா? தட்டில் சோறு வழக்கம்போலத்தான் விழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சாப்பிட்டுக்கொண்டே கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். விளக்கு அணைந்தால் மட்டும் போதாது, வண்டியின் கம்ப்யூட்டர் தானே ஒரு தடவை சோதனை நடத்தி எல்லாம் சரி என்று சொல்ல வேண்டும், அதுவரை உன்னை அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை என்றேன். இது ஸ்பேனர் வாயால் கேட்டதுதான்.

"நியாயம்தான்" என்றாள். "திங்கட்கிழமை காலைல பார்ப்போம். சரின்னு சொல்லலைன்னா நான் வண்டியைத் தொடல, டாக்ஸியில போயிக்கிறேன். சொல்லிடுச்சுன்னா சாவியை நீங்களே கையில குடுக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறென்ன சொல்ல?

சனிக்கிழமை நான் வழக்கம்போல் ஒன்பது மணிக்கு எழுந்தேன். மத்தியானம் டீ குடிக்கப் போன இடத்தில் ஸ்பேனர் உட்கார்ந்திருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே ஆரம்பித்தார். அந்தச் சோதனைக்கு வண்டி ராத்திரி முழுக்க நின்று எஞ்சின் ஆறியிருக்க வேண்டுமாம். அதைவிட முக்கியம் டாங்க். கால் டாங்குக்குக் குறையவும் கூடாது, முக்காலுக்கு மேல் போகவும் கூடாது. டாங்க் நிறைய இருந்தால் கம்ப்யூட்டர் சோதனையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. "நிறைச்சு மட்டும் வெச்சிடாதீங்க சார்" என்று அக்கறையாகச் சொன்னார்.

அந்த மனுஷனுக்கு டீயோடு பன்னும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

நேராகப் பெட்ரோல் பங்க். அரை டாங்க் இருந்தது. விளிம்பு வரைக்கும் ஊற்றச் சொன்னேன். பங்க் ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தான், பதினோரு வருஷத்தில் என்னை அவன் ஐந்து லிட்டருக்கு மேல் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சுற்றிவிட்டு, குறைந்ததையும் ஈடு கட்டினேன். பர்ஸ் காலி. பரவாயில்லை. சுதந்திரம் சும்மா கிடைக்குமா? மூன்று கிளிக் சத்தம் வரத் திருகினேன். மூடியில் குற்றம் சொல்ல இடம் வைக்கக்கூடாது பாருங்கள்.

திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்கு எழுந்து, குளித்து, தலைவாரி, வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். தோற்றவள் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று இல்லை. ஆறுதல் சொல்ல ஆள் வேண்டுமே என்றுதான். டாக்ஸிக்குக் கொடுக்கப் பக்கத்து வீட்டில் கடன்கூடச் சொல்லி வைத்திருந்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அவள் புது வெள்ளைக் கோட்டு ஒன்றை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வந்தாள். கருவியைச் செருகினாள். போனை என் பக்கம் திருப்பினாள்.

சோதனை முடிந்தது. கசிவு இல்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன்.

"இருக்க முடியாது" என்றேன். "இந்த மெஷின் பொய் சொல்லுது. டாங்க்தான் ஃபுல்லா இருக்கே, சோதனை எப்படி நடக்கும்?"

சொன்னபிறகுதான் என் காதிலேயே விழுந்தது. பத்தொன்பது வருஷத்தில் எத்தனை பேர் என் மேஜைக்கு முன்னால் இப்படித்தான் தானாக வாயைக் கொடுத்து மாட்டியிருக்கிறார்கள். அத்தனை பேர் மேலும் அந்த நிமிஷம் எனக்கு ஒரு பாசம் வந்தது.

அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே. சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து வைத்தேன். என் பள்ளம் விழுந்த சீட்டை ஒரு இழுப்பில் முன்னால் நகர்த்தினாள். கண்ணாடியைத் திருப்பிக்கொண்டாள். வண்டி ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது. எனக்கு ஒருநாளும் அப்படி ஆனதில்லை. துரோகி.

"சோதனை சனிக்கிழமை காலைலயே முடிஞ்சிடுச்சுங்க" என்றாள். "நீங்க தூங்கிட்டிருந்தீங்க, சட்டைப்பையிலேர்ந்து சாவியை எடுத்து ஒரு சுத்து ஓட்டிட்டு வந்தேன். அப்ப அரை டாங்க்தான் இருந்துச்சு."

"அப்போ மத்தியானம் அந்த ஸ்பேனர் எதுக்கு என்கிட்ட டாங்கைப் பத்தி..."

அவள் கியரைப் போட்டாள்.

"நான்தான் சொல்லச் சொன்னேன். புது வேலையில சேர்ற முதல் வாரம், நடுவுல பெட்ரோல் போட நிக்க எனக்கு நேரம் ஏது?"