இளவரசியின் முழங்கால் பற்றி மச்சானுக்கு

குடிகாடு,
22.2.2009

அன்பு மச்சான் ராமாமிர்தத்துக்கு, தங்கராசு எழுதுவது. இங்கே உன் அக்கா சௌந்தரமும் நானும் நலம். எங்கள் மகள் இளவரசியின் வலது முழங்காலைத் தவிர குடும்பத்தில் மற்ற எல்லாமே நலம். அங்கே உங்கள் வீட்டில் முழங்கால் உட்பட அனைவரும் சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

போன வருஷம் மாவட்டக் கபடிப் போட்டியில் இவள் ஒரே ரைடில் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பியதிலிருந்து காலேஜ் கபடி மாஸ்டர்கள் இவளைத் தங்கள் டீமுக்குக் கேட்டு நம் வீட்டு வாசலை விடவில்லை. கடலூர் மாஸ்டர் ஆப்பிளோடு வந்தார். அவர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே சிதம்பரம் மாஸ்டர் ராஜாமணி ஆப்பிளும் ஹார்லிக்சுமாக வந்து வண்டியை நிறுத்த, உன் அக்கா பதறிப்போய் முதல் ஆளை மாட்டுக் கொட்டகை வழியாக அனுப்ப, மாடு அவரை முட்டித் தள்ள, அவர் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. அப்படித்தான் சிதம்பரம் முடிவானது. ஊரில் எல்லோரும் நான் தீர யோசித்து எடுத்த முடிவென்று நினைக்கிறார்கள்.

முதல் மேட்சுக்கு வேன் பிடித்துத் தெருவையே கூட்டிக்கொண்டு போனேன். முதல் ரைடிலேயே எதிர் டீம் பெண் கணுக்காலைப் பிடித்து இழுக்க, முழங்கால் திரும்பிவிட்டது. ஆறு மாதம் ஓடக் கூடாது என்றார் டாக்டர். வெற்றிக்கென்று வாங்கிப் போன மாலையை உன் அக்கா முருகன் படத்துக்குப் போட்டாள். அன்றிலிருந்து மகள் பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுகிறாள். இந்த சீசனில் ஆடாவிட்டால் விளையாட்டு கோட்டாவில் ஹாஸ்டல் இடம் கிடையாது என்று வேறு சொல்லிவிட்டார்களாம்.

போன வாரம் நேரில் போய், "போதும்மா, வூட்டுக்கு வந்துடு. கடலூர்ல படிச்சிக்கலாம்" என்றேன்.

"டாக்டரு ஓடலாம்னுட்டாருப்பா. ராஜாமணி சார் டெய்லி என் கூடவே ஓடி வராரு."

"அந்தத் தொப்பைய வச்சிக்கிட்டா?"

"அதனாலதான் நான் ஜெயிக்கிறேன்."

"மறுபடி உழுந்தா?"

"எழுந்துக்கறேன். நீ மட்டும் மேட்சுக்கு வராதப்பா. உன் மூஞ்சியப் பாத்தாதான் எனக்குப் பயமாருக்கு."

அந்த வார்த்தை நெஞ்சிலேயே நிற்கிறது மச்சான். நீ சொன்னால் அவள் கேட்பாள். வரும் வியாழக்கிழமை சிதம்பரம் போய் அவளைப் பெட்டியோடு கூட்டி வந்துவிடு. இனி என் மகள் கபடி ஆடமாட்டாள். இதில் மாற்றமில்லை. உன் மனைவி வெண்மதியை உன் அக்கா மிகவும் விசாரித்தாள். பிள்ளைகள் நல்ல காலோடு நீடூழி வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கராசு

பி.கு.: இதைத் தபாலில் போடக் கடலூர் போனால், மைதானத்தில் மைக் சத்தம். சிதம்பரம் டீம் ஆடுகிறது, எனக்குத்தான் சொல்லவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தேன். கடைசி நிமிஷத்தில் இவளை இறக்கினார்கள். மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கியும் மூச்சு விடாமல் ஊர்ந்து கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டாள். மூன்று பேரும் அவுட். நினைவு வந்தபோது நான் ஆட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். "யாருய்யா நீ?" என்றார் அம்பயர். "எங்கப்பாதான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். முழங்காலைத் தடவிப் பார்த்தேன், வீக்கம் இல்லை. டீம் ஒரு பாயிண்டில் தோற்றது, அதனால் என்ன. வியாழக்கிழமை பெட்டி தூக்கப் போகாதே, அன்றைக்குச் சிதம்பரத்திலேயே அடுத்த மேட்சு. நேராக மைதானத்துக்கு வந்து சேர். என்னைக் கோட்டுக்கு வெளியே பிடித்து வைக்க பலமான ஆள் ஒருத்தர் வேண்டும்.