இடுப்பளவு உலக ஒற்றுமை

சின்னக்கருப்பு கொத்தனாருக்கு ஒன்பது வருஷமாக ஒரு மனக்குறை. காரைக்குடிக்குள் அவர் எழுப்பிய சுவர்கள் நூற்றுக்குக் குறையாது. எதிலும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், ஒரு நூல் விலகாது. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் ஊர் கைகாட்டுவது என்னவோ, புதுவயல் சாலையில் இடுப்பளவில் நிற்கும் ஒரு கோணல் சுவரைத்தான். வீடு கட்ட ஆள் தேடி சிங்கம்புணரியிலிருந்து வந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர், அந்தச் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விட்டார்.

இந்தப் பாவத்துக்குக் காரணமான ஜீவராசியை உங்களுக்குக் காட்டுகிறேன். உலக நட்புக்காரர் என்று பெயர். உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். சட்டைப்பையில் வெளிநாட்டுக் கடிதம் துருத்திக்கொண்டிருக்கும், தபால்தலை வெளியே தெரிகிற மாதிரி. டீக்கடையில் உட்கார்ந்தால் "நம்ம பெல்ஜியத்துல" என்று ஆரம்பிப்பார். மழை இல்லை, கண்மாய் வறண்டு கிடக்கிறது என்று நீங்கள் அழுதால், ஸ்வீடனில் பனி எத்தனை அடி விழுந்தது என்று ஆறுதல் சொல்வார். எதிர்வீட்டுக்காரரோடு சாக்கடைத் தகராறில் ஏழு வருஷமாகப் பேச்சு இல்லை. அதனால் என்ன? பெல்ஜியத்தோடு பேச்சு இருக்கிறதே.

எங்கள் ஊர் உலக நட்புக்காரர் காசிவிஸ்வநாதன். சர்வதேச இளைஞர் மையத்தின் செயலாளர். வயது நாற்பத்தெட்டு. மையத்துக்குள் தாராளமாகப் போய்வந்த ஒரே இளைஞர் அவர்தான். தெருப் பையன்கள் உள்ளே வந்தால் ஜெர்மனிக்காரர்கள் தந்த கேரம் போர்டு அழுக்காகிவிடும் என்று சாவியை அரைஞாணில் முடிந்து வைத்திருந்தார்.

அந்த மையம் அறுபத்து மூன்றில் புதுவயல் சாலையில் ஒரு படிப்பறை கட்டத் தொடங்கியது. பல நாட்டு இளைஞர்களும் நம் இளைஞர்களும் தோளோடு தோள் நின்று கட்டுவார்கள், கட்டும்போதே ஒருவர் பண்பாட்டை ஒருவர் கற்றுக்கொள்வார்கள், கட்டி முடித்ததும் நம் பையன்கள் உள்ளே உட்கார்ந்து படிப்பார்கள் என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். அரிசி ஆலைக்காரர் ஒருவர் செங்கல், மரம், ஓடு எல்லாம் கொடுத்தார். சின்னக்கருப்பு அஸ்திவாரம் போட்டார். முதலில் வந்த விருந்தாளிகள் வைத்த கல்லும் அவர் வைத்த கல்லுமாகச் சுவர் இடுப்பு உயரம் வரை எழும்பியது. அங்கேதான் நின்றது.

ஏன் இடுப்பு? அதற்கு மேல் போனால் போட்டோவில் விருந்தாளிகளின் முகம் மறையும் என்று ஸ்டூடியோக்காரர் சொல்லியிருந்தார்.

வருஷத்துக்கு ஒரு நாடு வரும். செயலாளர் பன்னீர் தெளித்து, சந்தனம் பூசி, மாலை போட்டு, முக்கால் மணி நேரம் உலக சகோதரத்துவம் பற்றிப் பேசி, அந்தப் பிள்ளைகள் இலை போட்டுக் கையால் சாப்பிட ஆசைப்படும்போது ரொட்டியும் ஜாமும் கரண்டியும் வைத்து, அவர்கள் நம் பையன்களோடு பேசத் திரும்பும்போது நம் பையன்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தி வரவேற்புப் பாட்டுப் பாடவைத்து, கடைசியில் ஆளுக்கு ஐந்து செங்கல் வைக்கச் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார். அவ்வளவுதான் பண்பாட்டுப் பரிமாற்றம்.

வந்தவர்கள் வைத்த கல் பல்லாங்குழிச் சோழி மாதிரி கிடக்கும். மேல் வரிகளைப் பிரித்து மறுபடி இடுப்புக்குக் கொண்டுவருவது சின்னக்கருப்பு வேலை. அதிலும் அடி வரியில் ஜப்பான் வைத்த கல், நடுவில் பிரான்ஸ் வைத்த கல் எல்லாம் நினைவுச்சின்னமாம், தொடக்கூடாதாம். கோணல் அப்படியே நின்றது, கொத்தனார் பேரில்.

முடித்துவிடலாமே, பையன்களுக்கு ஆகுமே என்று அவர் வருஷா வருஷம் கேட்டார். ஒருமுறை செயலாளர் மனம்விட்டே சொல்லிவிட்டார்: "செவுரு முடிஞ்சா நட்பு முடிஞ்சு போச்சு, கொத்தனாரே. அடுத்து வாரவுக எதைக் கட்டுவாக?"

எழுபத்திரண்டில் டென்மார்க் வந்தது. அதில் நெட்டையாக, முகமெல்லாம் செம்புள்ளியாக ஒரு பையன். ஐந்து கல்லோடு நிறுத்தவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரை நீளவாக்கில் பார்த்தான். சின்னக்கருப்பிடம் தூக்குக்குண்டைக் கை நீட்டி வாங்கி, விட்டுப் பார்த்து, உச்சுக் கொட்டினான். கொத்தனார் அவன் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பினார். தமக்குக் காய்ப்பு ஏறியிருக்கிற அதே இடத்தில் அவனுக்கும் இருந்தது. அப்புறம் பேச்செதற்கு? மேடையில் உலக ஒற்றுமை முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டு பேருமாக ஜப்பான், பிரான்ஸ் எல்லாவற்றையும் பெயர்த்து, நூல் பிடித்து நேராக வைத்தார்கள். பையன் கூரை வரவேண்டிய வெறும் வானத்தைக் காட்டி, ஏன் என்பதுபோல் இரண்டு கையையும் விரித்தான். சின்னக்கருப்பு மேடையைக் கைகாட்டினார். அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் ஊரிலும் ஒன்று இருக்கும் போல.

டென்மார்க்கை வழியனுப்பவும், அப்படியே ஒரு மாநாட்டில் கலந்துகொள்ளவும் செயலாளர் மெட்ராஸ் போனார். வர இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் கயிற்றுக்கு அப்பால் நின்ற பையன்கள் கல் சுமந்தார்கள். சின்னக்கருப்பு வேறு வேலைக்குப் போகவில்லை. சுவர் ஏறியது, ஜன்னல் உட்கார்ந்தது, ஓடு வேய்ந்தாயிற்று. அடிமுதல் உச்சிவரை குண்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மனிதர் கை கழுவினார். வருகிறவர் போகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள்.

திரும்பி வந்த காசிவிஸ்வநாதன் கத்தவில்லை. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சாமியைச் சுற்றுவதுபோல் கட்டடத்தை மூன்று சுற்றுச் சுற்றினார். கண் கலங்கியிருந்தது.

"அடுத்த மாசம் ஹாலந்து வருது. ஒரே ஒரு செவுத்தை மட்டும் பிரிச்சுக் குடுங்க."

"மாட்டேங்க. ஒம்பது வருசமா அது ஒங்க செவுரு, நான் பிரிச்சேன். இது என் செவுரு. இதுல கை வச்சா அப்புறம் கொத்தனாருன்னு சொல்லிக்கிட்டு நான் எந்தத் தெருவுல நடக்குறது?"

சிரிக்கிறீர்களா? சிரிக்குமுன் ஒன்று கேட்கிறேன். முடிந்துபோனால் ஊரில் அதைப் பற்றிப் பேச வழியில்லாமல் போகுமே என்று, நீங்கள் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிற தர்ம காரியம் எத்தனை? எண்ணிக்கொண்டிருங்கள், அவசரமில்லை.

காசிவிஸ்வநாதன் துண்டால் முகத்தைத் துடைத்தார். கொத்தனார் தோளில் கை போட்டு, கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"சரி, அது கெடக்கட்டும். இங்குட்டு ஒரு கக்கூசுக்கு அஸ்திவாரம் போட்டுக் குடுங்க. முடிச்சுப்புடாதீக."