பழைய ஃபார்முலா, இருபத்திரண்டு டப்பா

வீட்டில் ஒருவன் படித்திருந்தால் அந்தக் குடும்பமே முன்னேறும் என்று சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை. அதற்கான காரணம் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

அப்பாவும் அம்மாவும் ஹனூர் பக்கத்திலிருந்து மைசூருக்கு வந்தவர்கள். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. டிப்ளமோ முடித்த முதல் ஆள் நான் என்பதால், வீட்டுக்குள் வரும் அச்சடித்த காகிதமெல்லாம் என் பொறுப்பு. புதுக் குக்கரோடு வந்த சிறு புத்தகத்தை நான் உரக்கப் படித்து முடித்த பிறகுதான் அம்மா அரிசியே போட்டார். (அதில் நாலு பக்கம் ஹிந்தி. அதையும் படித்தேன். பொருள் தெரியாது. யாரும் கேட்கவில்லை.)

அப்பா பல வருஷம் அடுத்தவர் டாக்சியை ஓட்டிவிட்டு, ஒரு வழியாகச் சொந்தமாகப் பழைய கார் ஒன்று வாங்கினார். கருநீலம். மைசூரிலேயே இருக்கும் ஹெப்பாளில் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்க வண்டிகளை ஒப்பந்தத்துக்கு எடுப்பவர் மஞ்சுநாத். அவர் கன்னடம் கலந்த தமிழில், "விஜயதசமி அன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு வண்டி தகொண்டு வாங்க, பிடிச்சா அன்னிக்கே கையெழுத்து" என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். மாதா மாதம் நிச்சயமான ஓட்டம். அப்படி ஒன்று அப்பாவுக்கு அதுவரை அமைந்ததில்லை.

"வண்டி பளபளன்னு இருக்கோணும் சாமி," என்றார் அப்பா. "எந்த வேக்ஸ் பூசுனா நல்லதுன்னு படிச்சுப் பாத்துச் சொல்லு."

என்னிடம் கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது.

மூன்று வாரம் படித்தேன். பனி பெய்கிற தேசங்களில் கார் வைத்திருப்பவர்கள் இணையத்தில் ஒன்று கூடி எழுதும் பக்கங்கள் இருக்கின்றன. அங்கே அப்போது பெரிய துக்கம். மஞ்சள் நிற வட்ட டப்பாவில் வரும் ஒரு மெழுகின் ஃபார்முலாவைக் கம்பெனி மாற்றிவிட்டது. இனிமேல் பாட்டிலில் தண்ணீர் மாதிரிதான் வருமாம். பழையதைப் போல மினுமினுப்பு இனி உலகத்தில் கிடையாது என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் நாற்பது டப்பாவை அடுக்கிவைத்துப் படம் போட்டிருந்தார். நாம் தூங்கிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. (எங்களுக்கு இருந்தது ஒரு கார். அது பனியைப் பார்த்ததே இல்லை.)

மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அக்ரஹாரத்தில் இருக்கும் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து மஞ்சள் டப்பாக்களை இறக்கித் தூசி தட்டினார்.

"இது ஹளே ஸ்டாக்கு தம்பி. யாரும் கேக்கறதே இல்ல. ஹொசது வந்திருக்கு, புது ஃபார்முலா. ஸ்ப்ரே பண்ணு, துடை, ஆயித்து."

"எனக்குப் பழைய ஃபார்முலாதாங்க வேணும்."

"எத்தனை?"

"எத்தனை இருக்கு?"

அவர் ஏணியை எடுத்துவந்தார்.

இன்னும் மூன்று கடை ஏறி இறங்கியதில் மொத்தம் இருபத்திரண்டு சேர்ந்தது. அப்பா டப்பாக்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஒரு டப்பா எத்தன நாளைக்கு வரும்?"

"ஒரு வருஷம்ப்பா."

"அப்ப இன்னும் இருபத்திரண்டு வருசம் ஓட்டோணும் நானு," என்றார். அவர் சொன்னது வருத்தமா கணக்கா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

ஆயுத பூஜை அந்த வருஷம் வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் வண்டியைக் கழுவிக் காயவிட்டு, டப்பாவில் போட்டிருந்ததைப் படித்தேன். சிறிய பகுதியாகப் பூசவும். பத்து நிமிடத்தில் துடைக்கவும். சிறிய பகுதியாகப் பூசுவது படிக்காதவன் செய்கிற வேலை என்று எனக்குப் பட்டது. வண்டி முழுக்க ஒரே மூச்சில் பூசுவது, பிறகு ஒரே மூச்சில் துடைப்பது என்று முறை வகுத்தேன். பூசி முடித்தபோது மணி பத்தேகால்.

"பத்தரைக்கு ராகு காலம். ரெண்டு பேரும் வாங்க," என்று அம்மா கூப்பிட்டார்.

பூஜை ஐந்து நிமிடம்தான், வந்து துடைத்துக்கொள்ளலாம் என்று போனேன். வண்டிக்கு முன்னால் பலகை போட்டு அம்மா எல்லாவற்றையும் வைத்திருந்தார். அப்பாவின் ஸ்பேனர், ஜாக்கி, அரிவாள்மணை, என் கால்குலேட்டர். பக்கத்தில் கோபுரமாக இருபத்திரண்டு டப்பா, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. கோபுரத்தின் உச்சியில், மடித்து வைத்த துடைக்கிற துணிகள். அவற்றுக்கும் பொட்டு.

அப்பா ஈர மெழுகின் மேலேயே, பானெட்டில் பட்டையாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, எல்லாம் முடிந்ததும் நான் துணியை எடுக்கப் போனேன்.

"தொடாத."

"துடைக்கணும்ப்பா."

"பூசையில வெச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கோணும்."

"வேற துணி எடுத்துக்கறேன்."

"வண்டியும் பூசையிலதான நிக்குது? வெச்ச பொட்ட அழிப்பியா?"

"பத்து நிமிஷத்துல துடைக்கணும்னு போட்டிருக்குப்பா."

"போட்டவனுக்கு ஆயுத பூசை தெரியுமா?"

தெரியாது. இணையத்தில் தேடியும் பார்த்தேன். பனி தேசத்தில் இந்தப் பிரச்சினை யாருக்கும் வந்ததில்லை.

வெயில் அதன் வேலையைச் செய்தது. சாயங்காலத்துக்குள் கருநீல வண்டி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா, "பெயின்ட் மாத்தறீங்களா, கலர் நல்லாருக்கே," என்று அன்பாகக் கேட்டார். அப்பா உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் அம்மா பூ வைத்துத் துணிகளை எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரும் தேய்த்தோம். மெழுகு சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. முக்கால் மணி நேரத்தில் ஒரு தட்டு அளவுக்கு நீலம் தெரிந்தது. குங்குமம் மெழுகோடு சேர்ந்து பானெட் நடுவே ரோஸ் நிறமாகியிருந்தது. அப்படியே ஹெப்பாளுக்குப் போனோம்.

மஞ்சுநாத் வண்டியை ஒரு முறை சுற்றிவந்தார். நகத்தால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார்.

"ஏன்ரீ முருகேசா, இது கலரா, இல்ல வண்டிக்குக் காயலா வந்திருக்கா?"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. "பையன் படிச்சுப் பாத்துப் பூசுனதுங்க."

மஞ்சுநாத் தன் வண்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துவந்து, கதவில் அடித்து ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளை கரைந்து கருநீலம் கண்ணாடியாக மின்னியது. பாட்டிலைப் பார்த்தேன். புது ஃபார்முலா.

"ஒன்பதுக்கு ராகு காலம். அதுக்குள்ள முடிங்க, கையெழுத்துப் போடலாம்," என்று பாட்டிலை அப்பா கையில் கொடுத்தார். நான் கை நீட்டினேன். "நீ பேடப்பா, வேணாம். நீ நில்லு," என்றார் மஞ்சுநாத்.

அப்பா தனியாகவே துடைத்தார். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மஞ்சுநாத் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தார். ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். இரண்டு பேருமே வேண்டாம் என்றார்கள்.

வண்டி இன்றைக்கும் ஹெப்பாளுக்கு ஓடுகிறது. பானெட்டில் அந்த ரோஸ் நிறம் மட்டும் லேசாக நிற்கிறது. ஒரு ஒப்பந்தத் தாளோ மருந்துச் சீட்டோ, நான் எதைப் படித்துச் சொன்னாலும் அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, "எத்தன நிமிசத்துல தொடைக்கோணும்னு போட்டிருக்கு?" என்பார்.

போன மாதம் கொள்ளேகாலில் எனக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். பையன் எப்படி என்று பெண்ணின் அப்பா கேட்டார். "நல்லாப் படிப்பானுங்க," என்றார் அப்பா. "படிக்கறப்ப கையில துணி இருக்குதான்னு மட்டும் பாத்துக்கோணும்." அவர்கள் விளக்கம் கேட்டார்கள். அப்பா ஒன்றுகூட விடாமல் சொன்னார். எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு, பெண் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மீதி இருபத்தொரு டப்பா எங்கங்க இருக்குது?"

கட்டிலுக்கு அடியில் என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது?