பரங்கிக்காயில் மாட்டிய கத்தி

முட்டி தேய்கிறது, காது மந்தமாகிறது, பொறாமைக்கு மட்டும் வயசே ஆவதில்லை. என்னுடையது அறுபது தாண்டியும் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மற்ற ஆம்பிளைகள் பார்க்கில் நடக்கப் போனார்கள். இவர் எங்கள் மந்தைவெளிக் குடியிருப்பின் மொட்டை மாடிக்குப் போய்க் கத்தி செய்ய ஆரம்பித்தார். விற்பதற்கு இல்லை, சும்மா ஆசைக்கு. இரும்பு அறுத்துத் தேய்ந்துபோன ரம்பத் தகட்டைப் பட்டறையில் கேட்டு வாங்கி வருவார். கை கிரைண்டரில் பிடித்துக் கூராக்கி, மரப்பிடி வைத்து, பித்தளை ஆணி அடித்து முடுக்குவார். நடுநடுவே வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். (என்னைப் பெண் பார்க்க வந்தபோது இதில் பாதி நேரம்கூடப் பார்க்கவில்லை.)

முதல் கத்தி முடிந்தது. யாருக்குக் கொடுத்தார்? எதிர் வீட்டு பேபிக்கு!

பேபி என்றதும் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். பேரன் பேத்தி எடுத்தவள். பெயர்தான் பேபி. அவள் படிக்கட்டில் நின்றுகொண்டு, மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி, "ணா, உன் கத்தில வெங்காயம் அரிஞ்சா கண்ல தண்ணியே வர்லணா!" என்றாள். எனக்கு வெங்காயம் இல்லாமலே வந்தது.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பொறாமை என்று தெரிந்துவிடும், என் மரியாதை என்ன ஆவது? நானே ஒரு கத்தி செய்வேன், அந்த பேபி முன்னாலேயே, "தனம், உன் கத்திதான் கத்தி" என்று இந்த மனுஷன் வாயால் சொல்ல வைப்பேன் என்று முடிவு கட்டினேன்.

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் இப்போது ஃபோனிடம் வாயால் கேட்டாலே போதுமே. "கத்தி செய்றது எப்படி" என்றேன். தாடி வைத்த வெள்ளைக்காரன் ஒருவன் வந்தான். அவன் பாஷை புரியாவிட்டால் என்ன, கை புரிந்தது.

மத்தியானம் அவர் தூங்கும் நேரமாகப் பார்த்து மாடிக்குப் போவேன். அவருடைய தகடுகளில் ஒன்றை உருவிக்கொண்டு, புடவையை வரிந்து கட்டி, கிரைண்டரைப் போட்டால் தீபாவளிதான். பொறி பறந்து, கொடியில் காய்ந்த பேபியின் நைட்டியில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்தது. (கிரைண்டரைத் திருப்பிப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.)

கூர் வந்தது. உடைந்த பூரிக்கட்டையின் ஒரு பாதியைப் பிடியாக்கி, காய்ச்சிய ஆணியால் துளை போட்டேன். ஆணி அடித்து முடுக்குவதெல்லாம் எனக்கு எதற்கு? மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் அரக்கு வாங்கி, அடுப்பில் இளக்கித் துளையில் ஊற்றி, தகட்டின் வாலைச் செருகினேன். ஆறியதும் கல்லாகப் பிடித்துக்கொண்டது.

அந்த ஆடி ஞாயிறு, எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். குழம்புக்குக் காய் நறுக்கத் தெருப் பெண்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பேபி தன் கத்தியை எடுத்தாள். நான் மெதுவாக, அவசரமே படாமல், மடியிலிருந்து என்னுடையதை எடுத்தேன்.

"யக்கா, இது ஏது?"

"நானே செஞ்சேன்."

பேபி வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "இன்னாக்கா, கடையில வாங்குன மாதிரி கீது! அண்ணன் செஞ்சத விட சூப்பர்!"

வேறு யாராவது சொல்லியிருந்தால் பூரித்திருப்பேன். சொன்னது பேபி. போன மாசம் என் துளசியைப் பார்த்து, "தளதளன்னு கீதே" என்றாள். ஒரே வாரத்தில் கருகிப்போனது. (அந்த வாரம் நான் ஊரில் இல்லை, தண்ணீர் ஊற்ற ஆளில்லை என்பது வேறு விஷயம்.) நேராகச் சன்னதிக்குப் போனேன். தட்டில் சூடம் கொழுந்துவிட்டு எரிந்தது. கத்தியை மூன்று சுற்று சுற்றிக் காட்டினேன். தகடும் பிடியும் சேருகிற இடத்தில்தான் அவள் கை அதிகம் பட்டது. அங்கே மட்டும் நின்று நிதானமாகக் காட்டினேன். எரியட்டும் அவள் கண்ணு!

திரும்பி வந்து, இருந்ததிலேயே பெரிய பரங்கிக்காயை இழுத்துப் போட்டேன். "தள்ளுங்கடி!" என்று ஓங்கிக் குத்தினேன். தகடு முழுசாக உள்ளே இறங்கியது. கூட்டமே "அப்பாடி!" என்றது. பெருமையோடு வெளியே இழுத்தேன்.

பிடி மட்டும் வந்தது. அப்படியே மல்லாக்க விழுந்தேன்.

அடுப்பில் இளகிய அரக்கு சூடத்தில் இளகாதா? கையில் அரைப் பூரிக்கட்டை, அதிலிருந்து வெல்லப்பாகு மாதிரி ஒழுகும் அரக்கு. தகட்டின் வால் மட்டும் காயின் உச்சியில் நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாமே தனம், பரங்கிக்காய்க்கு ஊசி போட்டியா?" என்றாள் பூக்காரி. என் மகன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான், பெற்ற பிள்ளை! இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்போதுதான் அது நடந்தது.

"யக்கா, என் கத்திய வோணா எடுத்துக்கோ" என்று நீட்டினாள் பேபி.

ஆளாளுக்கு இழுத்தும் தகடு வரவில்லை. கடைசியில் கட்டிங் பிளேயரோடு என் வீட்டுக்காரரே வந்தார். காலால் காயை மிதித்துக்கொண்டு ஒரே இழுப்பு. தகட்டைத் துடைத்து, வெயிலில் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்தார்.

"இத்த யாரு பண்ணது?"

நான் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"கூரு ஷோக்கா கீது, தனம். என் மொத கத்தியே இவ்ளோ நேரா வர்ல. அது கோணிக்கிச்சி. அத உன் கைல குடுத்துட்டு யாரு வாங்கிக் கட்டிக்கிறது? அதான் பேபிகிட்ட தள்ளிவுட்டேன்."

"இன்னாது? கோணக் கத்தியா?" என்றாள் பேபி.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, கூழ் குடிக்காமலே என் வயிறு குளிர்ந்தது.

பித்தளை ஆணி அடித்து என் கத்திக்கு வேறு பிடி போட்டுக் கொடுத்தார். இன்றுவரை அசையவில்லை. ஆனால் கோபித்துக்கொண்ட பேபியைச் சமாதானப்படுத்த, கோணாத கத்தி இன்னொன்று செய்து தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார். சந்தன நிறப் பிடியாம். அவளும் மாடியேறிப் போய், "எப்டி வருதுணா?" என்று கேட்டுவிட்டு வருகிறாள்.

எங்கள் வீட்டில் இப்போது யார் முகம் கொஞ்சம் சுருங்கினாலும், "இன்னா, கத்தி மாட்டிக்கிச்சா?" என்பதுதான் கேள்வி. மருமகள் தன் தங்கையின் புது வளையலை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தால் போதும், என் மகன் கேட்டுவிடுவான்.

நேற்று மாடியில் பேபி சிரிக்கிற சத்தம் கேட்டு, சும்மாதான், வாசல்வரை போய் நின்றேன்.

"இன்னாம்மா, கத்தி மாட்டிக்கிச்சா?" என்றான் மகன்.

"இல்லையே" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதில் அவனுக்குச் சரியாக விளங்கவில்லை போலிருக்கிறது. இன்னொரு தடவை கேட்டான்.