இப்போது அந்தச் சுவர் யாருடையது?

பருத்தித்துறை,
9.12.1984

திரு. ச. தேவராஜா அவர்கட்கு,

கர்த்தர் உம்மையும் உம்முடைய மனைவி ஐரிஸையும் நற்சுகத்தோடு காப்பாராக. நானும் சுகம். இவ்வளவும் மரியாதைக்காக எழுதியது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நிறைமாதப் பிள்ளைத்தாச்சியான என் மகளைக் கொட்டும் மழையில் நான் வீட்டைவிட்டுத் துரத்தினேன் என்று கோயில் வாசலில் நின்று கதைக்கிறார்கள். நான் ஒருவரையும் துரத்தவில்லை. சீலா தன் தலையணையைத் தானே இடுக்கிக்கொண்டு, தன் காலால் நடந்துதான் உம்முடைய வீட்டுக்கு வந்தாள். மழையும் அப்போது வெளியில் விட்டிருந்தது. என் வீட்டுக்குள்தான் பெய்துகொண்டிருந்தது.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கிற கூடப்பிறந்த தம்பிக்கு அக்கா ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நீர் நினைக்கலாம். வாயால் சொன்னதை நீர் மாற்றிச் சொல்லுகிறீர். ஆகவே எழுத்து. அப்பா வீடு கட்டக் கல் வெட்டிய பள்ளம் எனக்குச் சீதனமாக வந்தது. வெட்டாத மேடு ஆண்பிள்ளை என்று உமக்கு வந்தது. அதைப்பற்றி நான் இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, வருஷப் பிறப்புக்கும் நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்வதைத் தவிர. மேட்டு மண் என் பள்ளத்தில் சரியாமல் இருக்க அப்பா நெஞ்சளவு உயரத்தில் ஒரு கற்சுவர் கட்டினார். என் கலியாணம் முடிந்த நாள் தொடக்கம் அந்தச் சுவரை நீர் "என்ரை சுவர்" என்றீர், நான் "என்ரை சுவர்" என்றேன். நீர் அதில் ஆட்டைக் கட்டினீர், நான் அவிழ்த்துவிட்டேன். நான் அதன்மேல் மிளகாய் காயப்போட்டேன், நீர் அதைக் கூட்டி அள்ளி என் முற்றத்தில் கொட்டினீர். என் கணவர் அடைக்கலநாதன் உயிரோடு இருந்தவரை, "உந்தச் சுவரை இரண்டு பேரும் விட்டுத் துலையுங்கோ" என்று கெஞ்சினார். அவரும் போய்விட்டார், சுவர் நிற்கிறது.

போன வருஷம் கலவரத்தோடு சீலா கொழும்பிலிருந்து உடுத்த துணியோடு வந்தாள். மாப்பிள்ளை வேலைக்குத் திரும்பிப் போய், லீவுக்கு லீவு வந்து போகிறார். பிள்ளைப்பேற்றுக்கு அவளுக்கு ஒரு தனி அறை வேண்டாமா? மூன்று சுவர் எழுப்பி, நாலாவதுக்கு என்னுடைய சுவரையே வைத்து, அதற்கு மேல் கல் வைத்து உயர்த்தி, அறையும் ஆயிற்று, சுவர் யாருடையது என்ற கேள்வியும் தீர்ந்தது என்று நினைத்தேன். அத்திவாரம் வெட்டிய அன்று நீர் வாழைத் தோட்டத்தில் நின்று எட்டிப் பார்த்தீர்.

"அக்கா, என்ரை சுவரோடை ஒட்டிக் கட்டாதேங்கோ."

"உது உன்ரை சுவரெண்டு ஆர் சொன்னது? போய் உன்ரை வாழைக்குலையைப் பார்."

"அப்ப கட்டுங்கோ. பிறகு என்னட்டை வந்து அழாதேங்கோ."

நான் அழுகிற ஆள் இல்லை. மேசன் சிமியோன், "அம்மா, சுவரிலை அங்கையிங்கை ஓட்டையள் கிடக்கு, என்ன செய்ய?" என்றான். என் அறைச் சுவரில் ஓட்டை இருப்பதாவது! அடைக்கச் சொன்னேன். சீமெந்து வைத்து இறுக்கி, மேலே பூசி, நீலம் கலந்த சுண்ணாம்பும் அடித்துவிட்டு, "இனி ஒரு எறும்பும் வராது அம்மா" என்றான். எறும்பு வரவில்லை. கார்த்திகை மழை தொடங்கிய மூன்றாம் நாள் சுவர் வியர்த்தது. நாலாம் நாள் நீலம் கரைந்து நிலத்தில் ஓடியது. மாதா படத்தின் கண்ணாடிக்குள் அரைவாசிக்குத் தண்ணீர் நின்றது. பெட்டியில் மடித்து வைத்த பிள்ளைத் துணியெல்லாம் பூஞ்சணம் பிடித்துப் பச்சையாகிவிட்டது. நீரோ வாழைக்குச் சுற்றி வரம்பு கட்டி, வானத்துத் தண்ணீர் முழுவதையும் என் சுவரின் முதுகில் தேக்கி வைத்திருக்கிறீர்.

அதைக் கேட்கத்தான் வந்தேன். நீர் என்ன சொன்னீர்? முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "ஓம் அக்கா, நானும் வடிவா யோசிச்சுப் பார்த்தன். சுவர் உங்கடைதான்" என்றீர்! இத்தனை வருஷம் விட்டுத் தராத சுவரை, ஒழுகத் தொடங்கிய பிறகு தருகிறீர். "தண்ணி வடியத்தானே அப்பா ஓட்டை விட்டவர், அதைப் பொத்திப்போட்டு என்னைக் கேட்டால்?" என்றும் கேட்டீர். வடிவது எங்கே? என் பிள்ளை படுக்கிற கட்டிலுக்குக் கீழேயா? நான் மறுமொழி சொல்லுமுன் சீலா தலையணையோடு வந்து நின்றாள். "அம்மா, உங்கடை அறை நனையுது, மாமா வீடு காயுது. சண்டையை நீங்கள் பிடியுங்கோ, நான் படுக்கப் போறன்" என்றாள். ஐரிஸ் அவளுக்கு முன்னறையில் பாய் விரித்து வைத்திருந்தாள். எல்லாம் ஆயத்தம்! எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் பிள்ளை பெற்று, என் வீட்டைத் தாண்டி உம்முடைய வீட்டுக்குப் போவதா?

ஆகவே அறியவும்: அந்தச் சுவர் உம்முடையது. என்றைக்கும் உம்முடையதாகவே இருந்தது. உம்முடைய சுவர் ஒழுகி என் அறை கெட்டது. வரம்பை வெட்டிவிட்டு, சுவரைத் திருத்தி, சீலாவைத் திருப்பி அனுப்பவும். அதுவரை உம்முடைய வாசற் படலைக்குள் நான் கால் வைக்கமாட்டேன். இது சத்தியம்.

ஐரிஸுக்கு என் அன்பு. உமக்குக் கர்த்தர் நல்ல புத்தியை அருளட்டும்.

இப்படிக்கு,
திருமதி பிலோமினா அடைக்கலநாதன்

பி.கு.: தம்பி, நேற்று எழுதிய இதை இன்று ஒட்டப் போன நேரம் ஐரிஸ் சுவருக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டாள். "மச்சாள், பொம்பிளைப் பிள்ளை! தாயும் பிள்ளையும் சுகமாம். அவர் இன்னும் ஆஸ்பத்திரியிலைதான் நிற்கிறார்." விடிய முன்னமே நீ சீலாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாயாம். பச்சைப் பிள்ளையை ஈரத்தில் போட முடியாது, உன் வீட்டுக்கே வரட்டும். நான்தான் வரவேண்டும். றோட்டால் சுற்றி வந்தால் கோயில் வாசல் முழுவதும் என் சத்தியத்தைப் பார்த்துச் சிரிக்கும். படலைக்குள் கால் வைக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன், சுவரைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குப் பக்கத்தில் சுவரை மூன்றடி அகலத்துக்கு வெட்டிப் படி வைக்கச் சிமியோனுக்குச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் கல் பெயர்க்கிற அலவாங்கோடு வருவான். தபாலில் போட்டால் சுணங்கும் என்று இதை ஐரிஸின் கையில் கொடுக்கிறேன். சுவர் உன்னுடையது என்றால் வெட்ட உன் அனுமதி வேண்டும். என்னுடையது என்றால் வேண்டாம். எது என்று எழுத்தில் பதில் தரவும்.